சந்தக்பூ ஏறும் வண்டிகள்

மேற்கு வங்காளத்தின் வடகோடியில், டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள நாட்டின் எல்லையைத் தொட்டுக்கொண்டு மானேபஞ்சன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து சிங்கலீலா மலைமுகட்டின்மீது ஒரு பாதை ஏறுகிறது. சித்ரே, மேக்மா, தும்லிங், கைரிபாஸ், காலிபோக்ரி முதலிய சிற்றூர்களைக் கடந்து, 31 கிலோமீட்டர் தொலைவில், 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவை அது எட்டுகிறது. வானம் தெளிந்த காலைப் பொழுதில் அங்கு நிற்பவர்க்குக் கஞ்சன்ஜங்கா முழுவடிவில் காட்சி தரும். மேற்றிசையில் எவரெஸ்ட் சிகரமும் புலப்படும். கொல்கத்தாவிலும் சிலிகுரியிலும் அசாமிலும் பணி நிமித்தமாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் சில, விடுமுறை நாட்களில் அங்கு சென்று வந்திருக்கக்கூடும். சென்று வந்தவர்கள் சிகரங்களைப் பற்றிப் பேசுவார்கள். நாம் இங்கே பேச விரும்புவது அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியைப் பற்றி.

அப்பாதையில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பெரும்பாலும் 1950-களை ஒட்டி இங்கிலாந்தில் செய்யப்பட்டவை அவை. தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஆங்கிலேயர்கள் தருவித்தவை என்றும், அவர்கள் கப்பலேறிய பின்னர் மலைமக்களின் கைக்கு வந்தவை என்றும் அவ்வட்டாரத்தில் சொல்லுவார்கள். 2018-ஆம் ஆண்டில், தன் வண்டி பிறந்து 70 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடிய லேண்ட் ரோவர் நிறுவனம், இந்தச் சிற்றூரைப் பற்றி ஒரு குறும்படமே வெளியிட்டது. 42 வண்டிகள் அங்கு உழைத்துவருவதாக அப்போது கூறப்பட்டது. ஆனால் அவ்வண்டிகளுள் ஒன்றின் முன்மூடியைத் தூக்கிப் பார்ப்பவர், இங்கிலாந்திலிருந்து வந்த எஞ்சினைக் காண்பது அரிது. அவற்றுள் பலவற்றில் மகிந்திரா நிறுவனத்தின் டீசல் எஞ்சின் முழங்கிக்கொண்டிருக்கும். உடல் ஒரு நாட்டில் பிறந்தது. உயிர் வேறொரு நாட்டில் ஊட்டப்பட்டது. இவ்வாறு மாற்றியமைக்கப்பட்டதனாலேயே அவை மலையேறுகின்றன.

மோட்டார் வண்டியை மாற்றியமைப்பது என்றவுடன், செல்வர் வீட்டு இளைஞர்களின் பொழுதுபோக்கு என்றே பலர் எண்ணுகிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் அந்த எண்ணம் பொருந்தவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசையைச் செலுத்தும் வண்டி, தோன்றிய நாள் முதல் மாற்றத்துக்கு உள்ளாகிக்கொண்டே வந்திருக்கிறது. வண்டியில் ஒன்றைக் கூட்டினால் வேறோரிடத்தில் ஒன்று குறைகிறது; அந்த வரவு செலவைத் தீர்த்துப் பார்த்தவர்களின் வண்டி நிலைத்தது, பார்க்காதவர்களின் வண்டி பள்ளத்தில் கிடந்தது. இந்தக் கணக்கு எவ்வாறு கற்றுக்கொள்ளப்பட்டது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

1940-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களுக்கு ஓர் அழைப்பு அனுப்பியது. வேவு பார்க்கவும் சிறு பாரம் இழுக்கவும் தக்க, நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் சிறிய வண்டி ஒன்று வேண்டும். அதன் எடை 1,300 பவுண்டுக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நமது அளவையில் இது 590 கிலோகிராம். பாண்டம் என்னும் சிறு நிறுவனம், கார்ல் பிராப்ஸ்ட் என்னும் பொறியியலாரைக் கொண்டு, அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் முதல் வண்டியை ஒப்படைத்தது. எடை நிபந்தனை எவராலும் நிறைவேற்றக்கூடியதாக இல்லை. இராணுவமே அதனைப் பின்னர் 2,160 பவுண்டாக உயர்த்த நேர்ந்தது. வில்லிஸ் நிறுவனத்தின் வண்டியோ, 60 குதிரைத்திறன் கொண்ட வலிய எஞ்சினைப் பெற்றிருந்தமையால், அந்த வரம்பையும் மீறி நின்றது. அதன் தலைமைப் பொறியியலாரான டெல்மர் ரூஸ், வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்து நிறுத்துப் பார்த்தார். திருகாணிகளின் மிகை நீளம் வெட்டப்பட்டது. இரும்புத் தகட்டின் கனம் குறைக்கப்பட்டது. வண்ணப்பூச்சின் எடைகூடக் கணக்கில் சேர்ந்தது. எஞ்சினை மட்டும் அவர் குறைக்கவில்லை. வேண்டாததை எல்லாம் கழித்து, வேண்டிய ஒன்றைக் காத்துக்கொண்ட அந்த வண்டியே ஜீப் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்துவிட்டன.

ஜீப்பின் வலிமை எஞ்சினில் மட்டும் இருந்ததாக எண்ணலாகாது. அதன் இரகசியம் துணைக் கியர்ப் பெட்டியில் இருந்தது. முதற்கியரிலும் துணைப் பெட்டியின் தாழ்நிலையிலும் வைத்து ஓட்டினால், எஞ்சின் இருபத்தைந்து முறைக்குமேல் சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும். வேகத்தை விற்று வலிமையை வாங்குவது என்பது இதுதான். ஏற்றம் இறைப்பவனும் கவலை ஓட்டுபவனும் அறிந்திருந்த இந்த உண்மையைத்தான் பல்சக்கரங்களின் மொழியில் எழுதி வைத்தார்கள்.

இழுவையைப் பற்றிய பாடமும் அந்தப் போரிலேயே தொடங்கிற்று. ஜீப்புக்குப் பின்னால் 37 மில்லிமீட்டர் பீரங்கியைக் கட்டி இழுத்தனர். கால் டன் அளவுள்ள சிறு இழுவை வண்டி ஒன்றும் அதற்கெனவே செய்யப்பட்டது. பர்மாப் போர்முனையில் நடந்தது இன்னும் வியப்பானது. 1944-இல் மிட்சினா, மொகாங் பகுதிகளை நேச நாட்டுப் படைகள் மீட்டபோது அங்கு இருப்புப்பாதை இருந்தது. ஆனால் அதில் ஓடத்தக்க நீராவி எஞ்சின்கள் குண்டுவீச்சில் அழிந்துபோயிருந்தன. பொறியியல் படையினர் ஜீப்பின் டயர்களைக் கழற்றிவிட்டு, தண்டவாளத்தில் பொருந்தும் விளிம்புச் சக்கரங்களை மாட்டினார்கள். அந்த ஜீப்புகள் சரக்குப் பெட்டிகளை இழுத்துச் சென்று, தெற்கு நோக்கி முன்னேறிய படைகளுக்கு உணவும் வெடிமருந்தும் சேர்த்தன. தண்டவாளத்தின்மீது உராய்வு குறைவு. ஆகையால் சிறிய எஞ்சினும் பெரிய பாரத்தை நகர்த்திவிடும். நகர்ந்த பாரத்தை நிறுத்துவதுதான் கடினம். இழுக்கும் வண்டியைப் பற்றி நினைக்கும் எவரும் இந்த இரண்டையும் பிரித்து நினைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜீப்பின் முதல் மாதிரி உருவான அதே 1940-இல், எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் வேறொரு மனிதர் இதே கலையைத் தம் வழியில் நடத்திக்கொண்டிருந்தார். ரால்ஃப் பேக்னோல்டு என்னும் அந்த ஆங்கிலப் படையதிகாரி, 1920-களிலும் 1930-களிலும் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றியவர். காற்றில் பறக்கும் மணலின் இயக்கத்தைப் பற்றி 1941-இல் வெளிவந்த அவருடைய நூல் அத்துறையில் அடிப்படை நூலாக இன்றும் மதிக்கப்படுகிறது. அவர் அமைத்த நெடுந்தொலைவுப் பாலைவனப் படைப்பிரிவு பெரிதும் பயன்படுத்தியவை, பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் சாதாரண செவ்ரோலே லாரிகள் என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். அவற்றின் கதவுகளையும் கூரையையும் கழற்றி எறிந்தார்கள். நெடும்பயணத்துக்கான பெட்ரோலையும் நீரையும் தாங்குவதற்காக வில்லடுக்கில் பட்டைகளைக் கூட்டினார்கள். புதைமணலில் டயரின் காற்றைக் குறைத்து ஓட்டினார்கள். காற்றுக் குறைந்த டயர் தட்டையாகப் பரவி, ஒட்டகத்தின் பாதம்போல் மணலின்மீது நிற்கும். அப்படியும் புதைந்தால், சக்கரத்தின்கீழ் இடுவதற்கு எஃகுத் தகட்டு வாய்க்கால்களை உடன் கொண்டுசென்றார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் கொதித்து வெளியேறும் குழாயை ஒரு தகரக் குப்பிக்குள் விட்டு, ஆவி மீண்டும் நீராகித் தானே திரும்பிச் செல்லுமாறு செய்தார்கள். இவற்றுள் விலை மிகுந்தது எது? ஒன்றுமில்லை எனலாம். டயரின் காற்றைத் திறந்துவிட ஒரு குச்சி போதும். இன்றைக்கு இலட்சக் கணக்கில் பொருள் செலவிட்டு வண்டியை அலங்கரிக்கும் அன்பர்கள், டயரில் காற்றழுத்தம் பார்க்கும் சிறு கருவி ஒன்றை வாங்க மறந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

போர் முடிந்தது. இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாரான மாரிஸ் வில்க்ஸ் என்பவர், ஆங்கிள்சீ தீவிலுள்ள தம் பண்ணையில், இராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கிவந்தார். அது தேய்ந்துபோனால் என்செய்வது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே லேண்ட் ரோவர். 1947-இல் செய்த முதல் மாதிரி, ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டது. டிராக்டரைப்போல் ஓட்டுநர் நடுவில் அமர்ந்து ஓட்டுமாறு அது அமைந்திருந்தது. ஆக, லேண்ட் ரோவரே ஒரு மாற்றியமைத்த ஜீப்பாகத்தான் உலகில் தோன்றியது. 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டபோது, உழவனின் வண்டியாகவே அறிமுகப்படுத்தப்பட்டது. எஞ்சினின் விசையை வெளியே எடுத்துக் கதிரடிக்கவும் மரமறுக்கவும் அதில் வசதி இருந்தது. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்தமையால் மேலுடலை அலுமினியக் கலவையால் செய்தார்கள். எஃகு கிடைக்காமல் செய்த அந்த ஏற்பாடு, எவரும் எதிர்பாராத வகையில், ஆண்டில் பாதி நாள் மூடுபனியில் நனையும் டார்ஜிலிங் மலையில் பலனளித்தது. அலுமினியம் துருவாகி உதிர்வதில்லை. அடிச்சட்டம் எஃகுதான்; அது துருப்பிடிக்கும்; ஆனால் அதனைப் பட்டறையில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

இந்தியாவில் ஜீப்பின் வரலாறு வேறு திசையில் சென்றது. 1945-இல் மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதுவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், மகிந்திரா அண்டு முகம்மது என்று பெயர் பெற்றிருந்தது. நாடு பிரிந்தபோது குலாம் முகம்மது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948-இல் நிறுவனம் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. அதன் பம்பாய்த் தொழிற்சாலையில் வில்லிஸ் ஜீப்புகள் முதலில் பகுதிகளாக வந்து பூட்டப்பட்டன; பிறகு படிப்படியாக இங்கேயே செய்யப்பட்டன. வட்டார வளர்ச்சி அதிகாரி, காட்டிலாகா, நீர்ப்பாசனப் பொறியாளர், தேர்தல் வேட்பாளர் ஆகிய எல்லோருக்கும் அந்த வண்டியே வாகனமாயிற்று. பெட்ரோல் விலை ஏற ஏற, டிராக்டர் எஞ்சினின் வழிவந்த டீசல் எஞ்சினை நிறுவனமே ஜீப்பில் பொருத்தி விற்றது. நாட்டின் மூலை முடுக்குகளிலெல்லாம் அந்த எஞ்சினைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் பெருகின. மானேபஞ்சன் வண்டிகளுக்கு வேண்டிய மருந்து இவ்வாறுதான் ஆயத்தமாயிற்று.

இராணுவத்தின் பங்கும் சிறிதன்று. நிஸான் பெட்ரோல் வண்டியின் வடிவில் ஜபல்பூரில் செய்யப்பட்ட ஜோங்கா, ஏறக்குறைய 4 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டது. ஏலத்தில் அதனை எடுத்த பொதுமக்கள், அதன் தீராப் பசியைத் தாளமாட்டாமல் டீசல் எஞ்சினுக்கு மாற்றிக்கொண்டார்கள். 1985-இல் வெளிவந்த மாருதி ஜிப்ஸி, எடை குறைந்த வண்டியாதலால் சேற்றிலும் பனியிலும் பெரிய வண்டிகளை வென்றது; ஆனால் அதன் அகலம் போதாது என்று கண்டு 1993-இல் நிறுவனமே சக்கரங்களின் இடைவெளியைக் கூட்டியது. செய்தவர்களே திருத்திய வண்டி அது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மீண்டும் சந்தக்பூப் பாதைக்கு வருவோம்.

மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ வரை, இடையிடையே இறங்கி ஏறி, பாதை மொத்தத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு உயர்கிறது. கல் அடுக்கிய வழி. கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் மூடுபனி மறைத்த பள்ளம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. 3,600 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம், கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆரம்பகால லேண்ட் ரோவரின் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் புதிதாக இருந்தபோதே 50 குதிரைத்திறன்தான் தந்தது. சந்தக்பூவில் அதில் மூன்றிலொரு பங்கு காற்றோடு போய்விடும். வயதும் தேய்மானமும் சேர்ந்தால் மிச்சம் என்ன? அதற்கு உதிரிப் பகுதிகளோ கடல்கடந்து வர வேண்டும். ஆகவே, எஞ்சின் ஓய்ந்த வண்டிகளின் உரிமையாளர்முன் இருந்தவை இரண்டே வழிகள்: வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுவது, அல்லது, கிடைக்கும் எஞ்சினை அதற்குள் குடியேற்றுவது.

டீசல் எஞ்சினும் மலையுச்சியில் மூச்சு வாங்கும்; இருப்பினும் அது தாழ்ந்த சுழற்சி வேகத்திலேயே மிகுந்த இழுவிசையைத் தருகிறது. அதற்குத் தீப்பொறி வேண்டாம். ஆதலின் ஈரத்தில் நனைந்து நின்றுபோகும் கம்பிகளும் குறைவு. எனினும் இவ்வளவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. டீசல் எஞ்சின் கனமானது. முன்னச்சின் மீது பாரம் ஏறுகிறது; முன்புற வில்லடுக்கு தாழ்கிறது; பட்டை கூட்ட வேண்டியதாகிறது. அடுக்குப் பட்டையை வடநாட்டுப் பட்டறைகளில் கமானி என்பார்கள். வட மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு அச்சொல் பழக்கமானதே. எஞ்சினைத் தாங்கும் பிடிகளைப் புதிதாகச் செய்து, பழைய கியர்ப் பெட்டியோடு புதிய எஞ்சினை இணைக்க இடைத்தகடு கடைந்து, இரண்டின் அச்சும் மயிரிழை பிசகாமல் நேர்பட வைக்க வேண்டும். நேர்படாவிட்டால் சில நாட்களில் தாங்குருளைகள் அரைபட்டுப் போகும். டீசலின் சுழற்சி வேகம் குறைவாதலின் வண்டியின் உச்ச வேகமும் குறையும். கல்பாவிய அந்த மலைப்பாதையில் எவர் வேகம் போகிறார்? ஆகவே அங்குக் குறைந்தது வேண்டாத ஒன்று. கிடைத்தது வேண்டிய ஒன்று. இந்த மாற்றம் நிலைத்ததற்குக் காரணம் இதுவே என்பது நமது கருத்து.

இதே கணக்கைப் பட்டணத்தில் வாழும் ஒருவர் தம் வண்டிக்குப் போட்டுப் பார்க்கட்டும். பெங்களூரிலோ புனேயிலோ குருகிராமத்திலோ அலுவல் புரியும் நம் இளைஞர்கள் பலர் இன்று தார், ஜிம்னி முதலிய வண்டிகளை வாங்கி, லடாக் பயணத்துக்கென்று அவற்றை மாற்றியமைக்க விரும்புகிறார்கள். முதலில் கைவைப்பது பெரும்பாலும் டயரில். 30 அங்குல விட்டமுள்ள டயரை நீக்கி 33 அங்குல டயரைப் போட்டால் வண்டி எவ்வளவு உயரும்? ஒன்றரை அங்குலம். விட்டத்தில் பாதிதான் அச்சுக்குக்கீழ் இருக்கிறது அன்றோ? அந்த ஒன்றரை அங்குலத்துக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். சக்கரம் பெரிதானதால் தரையில் கிடைக்கும் இழுவிசையில் பதினொன்றில் ஒரு பங்கு குறைகிறது. அச்சுக்கும் பல்சக்கரத்துக்கும் சுமை கூடுகிறது. அதே பிரேக் இன்னும் பெரிய சக்கரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. வேகமானி 50 என்று காட்டும்போது வண்டி 55-இல் ஓடுகிறது. எடைமிக்க டயராயின் எரிபொருளும் மிகும்.

வில்லடுக்கைக் கடினமாக்கி வண்டியை உயர்த்துவதிலும் ஒரு சூழ்ச்சி மறைந்திருக்கிறது. மேடுபள்ளத்தில் சக்கரம் தாழ்ந்து தரையைத் தேடிச் செல்ல வேண்டும். வில் மிகக் கடினமானால் சக்கரம் ஆகாயத்தில் தொங்கும். ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் சாதாரணப் பல்சக்கர அமைப்போ, எளிதாகச் சுழலும் சக்கரத்துக்கே சுழற்சியைக் கொடுக்கும். தொங்கும் சக்கரம் காற்றில் சுழல, தரையிலுள்ள சக்கரம் சும்மா நிற்கும். மலையேறுவதற்காகச் செய்த மாற்றமே மலையேற்றத்தைக் கெடுத்துவிடும். உயரம் கூடினால் கவிழும் இயல்பும் கூடும் என்பதை ஜிப்ஸியின் வரலாறு சொல்லாமல் சொல்லிற்று.

இழுவைக்கு வருவோம். நம் நாட்டில் மோட்டாரின் பின்னே கூடாரவண்டியோ படகோ கட்டி இழுப்பது இன்னும் அரிதான வழக்கமாயினும், அண்மைக் காலத்தில் அது பரவத் தொடங்கியிருக்கிறது. மாட்டுவண்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்கள் தெரியும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும். இழுவை வண்டிக்கும் அதே நியாயம். அதன் மொத்த எடையில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு இழுகொக்கியின்மீது அமர வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. மிகக் குறைந்தால் இழுவை வண்டி வாலைப்போல் ஆடும். மிகுந்தால் நிகழ்வதை ஒரு கணக்கால் விளக்கலாம். அச்சுகளுக்கிடையே 80 அங்குலமுள்ள ஒரு வண்டி. பின்னச்சுக்கு 30 அங்குலம் பின்னால் கொக்கி. அதன்மீது 100 கிலோ பாரம். பின்னச்சில் ஏறுவது 100 கிலோ அன்று; 137.5 கிலோ. மிகுதியான 37.5 கிலோ எங்கிருந்து வந்தது? முன்னச்சிலிருந்து. திசை திருப்பும் சக்கரங்கள் அந்த அளவுக்கு இலேசாகிவிட்டன. ஏற்றத்தின் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே செல்ல முனைவதன் காரணம் இதுவே. இறக்கத்தில் நிலைமை மாறும். பின்வண்டி முன்வண்டியைத் தள்ளும். பழைய காலத்தில் மலையிறங்கும் பாரவண்டிக்குத் தடைக்கட்டை போட்டார்கள். இன்று தாழ்கியரில் எஞ்சினைக் கொண்டே வண்டியைத் தடுக்க வேண்டும். பாரம் மிக்க இழுவை வண்டிக்குத் தனிப் பிரேக்கும் வேண்டும். ஓர் எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று கேட்பவர்கள் ஆயிரம் பேர். அந்த வண்டியின் பிரேக் எவ்வளவைத் தாங்கும் என்று கேட்பவர் ஒருவரோ இருவரோ.

இனிச் சட்டம் சொல்வதைக் கவனிப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதனை முறைப்படுத்துகிறது. மொழிபெயர்ப்பை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட எம்போன்றவர்களுக்கு அப்பிரிவிலுள்ள 'ஆல்ட்டரேஷன்' என்னும் சொல் ஒரு சிறு சோதனை. மாற்றம் எனலாமா, மாறுதல் எனலாமா? திருத்தம் என்றால் சட்டத்துக்குச் செய்வதாகிவிடும். பெயர் எதுவாயினும் பொருள் தெளிவானது: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், வண்டியைச் செய்த நிறுவனம் முதலில் குறித்தவற்றோடு மாறுபடும்படி எவரும் வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரி 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதனை உறுதிப்படுத்தியது. எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம், வண்டியின் முன்னே பொருத்தும் இரும்புத் தடுப்புக் கம்பிகளை விலக்க நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. மோதலில் நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்க வேண்டிய முன்பகுதியை அக்கம்பிகள் நசுங்கவிடுவதில்லை. காற்றுப்பை விரிய வேண்டிய நேரத்தையும் அவை குழப்பக்கூடும். எதிரே நடந்துவரும் ஏழையின் உடலுக்கோ அவை இரும்புலக்கை.

சட்டம் கடுமையானது என்று சிலர் முறையிடுகிறார்கள். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பொதுச்சாலையில் செல்லும் வண்டியின் பிரேக், அதில் இருப்பவருக்கு மட்டும் உரியது அன்று. ஆனால் வண்டியைக் காப்பாற்றப் பழுதுபார்ப்பவனின் கையையும், காட்சிக்காக இரும்பு சுமத்துபவனின் கையையும் ஒரே தராசில் நிறுத்தும்போது நமக்குச் சற்று மனம் வருந்துகிறது. மலைப்பட்டறைத் தொழிலாளி பட்டம் பெறாதவன். வரைபடம் வைத்துக்கொண்டு வேலை செய்பவன் அல்லன். அவன் செய்த மாற்றத்தைப் பரிசோதித்து, நன்றெனில் ஏற்று, தீதெனில் காரணம் சொல்லி விலக்கும் ஏற்பாடு மாவட்டந்தோறும் எளிதில் கிட்டுமானால், அத்தொழில் இருளில் நடக்க வேண்டியதில்லை.

இத்தகைய மலைத்தொழில் நம் எல்லையிலும் உண்டு. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். தமிழ்நாட்டு நிலத்தை அடையக் கேரளத்து வழியே கல்லிலும் குழியிலும் குலுங்கிச் செல்லும் விந்தைப் பாதை அது. அங்கும் ஓட்டுநர்கள் முழுவேகத்தை நாடுவதில்லை. தாழ்கியரில் நடையாகவே நடத்துகிறார்கள்.

சந்தக்பூப் பாதையோ அண்மை ஆண்டுகளில் மாறிவருகிறது. பல பகுதிகளில் கற்களின் இடத்தைக் கான்கிரீட் பிடித்துக்கொண்டது. பொலேரோ போன்ற புதிய வண்டிகள் அதில் ஏறுகின்றன; கூரை உண்டு, மெத்தை உண்டு, குலுக்கல் குறைவு. முதியோரை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் அவற்றையே நாடுவது இயல்பு. பழைய வண்டிகளின் பிழைப்பு இப்போது பெரிதும், அவற்றில் ஒருமுறை ஏறிப்பார்க்க வேண்டும் என்று கேட்டு வரும் பயணிகளை நம்பியிருக்கிறது. பயணியிடமிருந்து வரும் வாடகையில்தான் டீசல், கமானி, டயர், ஓட்டுநரின் வீட்டு அடுப்பு எல்லாம் நடக்க வேண்டும். போக விரும்பும் நேயர்கள் அடையாளச் சான்றுகளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பாதை எல்லையை ஒட்டியே செல்கிறது, சில இடங்களில் நேபாள மண்ணிலும் கால்வைக்கிறது. காலிபோக்ரியைத் தாண்டிப் பிக்கேபஞ்சனை அடைந்ததும் ஓட்டுநர் வண்டியை ஒருகணம் நிறுத்துவார். துணைக் கியரின் நெம்புகோலைத் தாழ்நிலைக்குத் தள்ளுவார். அதன்பின் கடைசி நான்கு கிலோமீட்டர் ஏற்றம்.